சூடானால் நிற்கும் பழைய அம்பாசடர்: பாகத்தைக் கழற்றும் முன் எப்படிச் சோதிப்பது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். 1978 மாடல் பெட்ரோல் அம்பாசடர், அப்பா வைத்திருந்தது. காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது. அரை மணி, முக்கால் மணி ஓடிச் சூடேறியதும் நின்றுவிடுகிறது. ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் மறுபடியும் கிளம்புகிறது. மெக்கானிக் காயிலை (பிளக்கில் பொறி வர வோல்டேஜை ஏற்றித் தரும் பாகம்) மாற்றினார், அதோடு சேர்ந்து வேலை செய்யும் கண்டன்சரை மாற்றினார், பேட்டரியையும் மாற்றினார், கோளாறு போகவில்லை. இப்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவைக் கழற்றி, உள்ளே கம்பியைப் புதிதாகச் சுற்ற (ரீவைண்டிங்) கொடுக்கலாம் என்கிறார். போதாததற்கு ஹெட்லைட்டும் மங்கல். கையில் ஒரு மல்டிமீட்டர் இருக்கிறது, அதை வைத்து எந்தப் பாகம் போயிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்தவரை உங்கள் கேள்வி, இனிமேல் ஒரு பாகத்துக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் அது கெட்டதுதான் என்று எப்படி உறுதி செய்துகொள்வது என்பது. அதற்கே பதில் சொல்கிறேன்.

முதலில், டைனமோவை இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். இதை உறுதியாகவே சொல்லலாம். இந்த வண்டியின் இக்னிஷன் (பொறி உண்டாக்கும் சர்க்யூட்) இழுக்கும் கரண்ட் அதிகபட்சம் நாலு ஆம்பியர் சுமார். டைனமோ அடியோடு செத்திருந்தாலும், நல்ல பேட்டரி பகல் ஓட்டத்தில் அதை மணிக்கணக்கில் கொடுக்கும். சரி, பேட்டரி இறங்கித்தான் வண்டி நிற்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் சும்மா அரை மணி நேரம் நிறுத்தி வைத்ததும் அது எப்படித் தானாக ஏறிக்கொண்டு செல்ஃப் (ஸ்டார்டர் மோட்டார்) எடுக்கும்? அடுத்த முறை நின்ற இடத்திலேயே ஹார்ன் அடித்துப் பாருங்கள், செல்ஃப் எப்போதும்போல் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் சார்ஜிங் பக்கம் போகவே தேவையில்லை.

ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலையிலேயே தலை நரைத்தவன் நான். அம்பாசடர், பத்மினி, பழைய ஜீப், டெம்போ என்று எல்லாவற்றிலும் கை வைத்திருக்கிறேன். இந்த வயது வண்டிகளில் 'பாகம் போச்சு' என்று வருகிறவற்றில் பெரும்பாலும் பாகம் நன்றாகத்தான் இருக்கும். பாகத்துக்குக் கரண்ட் போகிற வழியோ, அங்கிருந்து எர்த்துக்கு (பேட்டரியின் ஒரு முனை சேர்ந்திருக்கும் பாடி இரும்புக்கு) திரும்புகிற வழியோதான் கெட்டிருக்கும். பச்சை பூத்த டெர்மினல், பெயிண்டுக்கு மேலே முடுக்கிய எர்த் போல்ட், உறைக்குள்ளேயே அறுந்த வயர், கருகிய சாவி சுவிட்ச் என்று எதுவாகவும் இருக்கலாம். பாகத்தை மாற்றும்போது டெர்மினலைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டுகிறோம் அல்லவா, அதில் சில சமயம் கோளாறு போய்விடும். பெயர் மட்டும் புதுப் பாகத்துக்குப் போய்ச் சேரும்.

மல்டிமீட்டர் நல்ல கருவிதான், ஆனால் கரண்ட் ஓடாத வயரில் அது சொல்வதை நம்பிவிடாதீர்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லாத அளவு. பல இழை உள்ள வயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்றுதான் காட்டும். குழாயை மூடி வைத்துக்கொண்டு தண்ணீர் வேகம் பார்ப்பது மாதிரி அது. அதனால் மீட்டரோடு ஒரு டெஸ்ட் லாம்பும் செய்து வைத்துக்கொள்ளுங்கள்: 21 வாட் இண்டிகேட்டர் பல்பு, அதற்கு ஹோல்டர், இரண்டு வயர், முனையில் முதலை கிளிப். இந்தப் பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். இழை அறுந்து பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டிருக்கும் வயரில் மாட்டினால் பல்பு மங்கும், அதே நேரம் மீட்டரும் இறங்கும். வோல்டேஜை எப்போதும் சர்க்யூட் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். இது ஒன்று பிடிபட்டால் மீதியெல்லாம் தானாக வரும்.

பேட்டரியிலிருந்து ஆரம்பிப்போம். புதிது என்பதால் சீக்கிரம் தாண்டிவிடலாம். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். அப்புறம் காயிலுக்கு வரும் வயரைக் கழற்றிவிட்டு, இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் செல்ஃபை மட்டும் சில நொடி சுற்றுங்கள். அப்போது பேட்டரியில் 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் கவலையில்லை, 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியின் மேல் சந்தேகப்படலாம். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும், சட்டை நுனி ஃபேன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்ஃப் சுற்றும்போதே எர்த்தையும் பார்த்துவிடுங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கம்பத்தின் மேலேயே இருக்கட்டும், கிளாம்பின் மேல் வேண்டாம். இன்னொரு முனையை இன்ஜின் பிளாக்கில் சுத்தமான இரும்பில் வையுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் வந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று வந்தால் எர்த் வழியில் தடை இருக்கிறது. இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால் பாடிக்கும் அதற்கும் இடையே ஒரு பின்னல் பட்டை எர்த்துக்காக இருக்கும். அது இற்றுப்போனால் செல்ஃபின் கரண்ட் கிடைத்த வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிளோ ஆக்சிலேட்டர் கேபிளோ சுட்டால் அந்தப் பட்டையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இங்கிலாந்து வழியில் வந்த பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உள்ளவையும் உண்டு. உங்களுடையதில் பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டு மீட்டரை வையுங்கள்.

இனி உங்கள் கோளாறுக்கு வருவோம். வண்டி சூடில் நிற்கிறது என்றால் அது கரண்டா பெட்ரோலா என்று முதலில் பிரிக்க வேண்டும். உங்கள் மெக்கானிக் இதைச் செய்ததாகத் தெரியவில்லை. வெயில் காலத்தில் ஏசி பம்பிலும் (இன்ஜினோடு இருக்கும் பெட்ரோல் பம்ப்) பைப்பிலும் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வது அம்பாசடரில் சகஜம். பம்பின் மேல் ஈரத் துணி சுற்றிக்கொண்டு ஓடிய டாக்ஸிகளை அந்தக் கால ஆட்கள் எல்லோருமே பார்த்திருப்பார்கள். காயில் கோளாறும் பெட்ரோல் ஆவியாவதும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டுமே ஆறினால் சரியாகிவிடும். அதனால் அரை மணி கழித்துப் பார்த்துப் பயனில்லை. நின்ற அந்த நிமிடமே பார்க்க வேண்டும். டிக்கியில் ஒரு நல்ல ஸ்பார்க் பிளக் வைத்திருங்கள். வண்டி நின்றதும் ஒரு பிளக் வயரைக் கழற்றி அதில் இந்தப் பிளக்கைச் செருகி, பிளக்கின் உடலை இன்ஜின் இரும்போடு இறுகத் தொடும்படி வைத்துவிட்டு, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். கையில் பிடிக்காதீர்கள். கார்பரேட்டர் பக்கத்திலும் வேண்டாம், அங்கே பெட்ரோல் ஆவி இருக்கும். நீல நிறத்தில் சடசடவென்று பொறி வந்தால் இக்னிஷன் நன்றாக இருக்கிறது, ஈரத் துணியை எடுங்கள். பொறி இல்லை, அல்லது மஞ்சளாகச் சோம்பி வருகிறது என்றால் மேலே படியுங்கள்.

காயிலில் இரண்டு சின்ன டெர்மினல் இருக்கும். லூகாஸ் வகைக் காயிலில் எஸ்.டபிள்யூ (SW), சி.பி. (CB) என்று பொறித்திருப்பார்கள், முதலாவது சாவி சுவிட்சிலிருந்து வருவது, இரண்டாவது டிஸ்ட்ரிபியூட்டரில் (பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) திறந்து மூடும் சின்ன சுவிட்சான பாயிண்டுக்குப் போவது. சாவியை ஆன் செய்து, பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில், எஸ்.டபிள்யூ டெர்மினலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்து பாருங்கள். பேட்டரியில் உள்ளதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது. 10, 10.5 என்று வந்தால் சாவி சுவிட்சோ நடுவில் உள்ள ஜாயிண்டோ வோல்டேஜைத் தின்கிறது. அப்புறம் சி.பி. டெர்மினலுக்கும் எர்த்துக்கும் நடுவே பாருங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது அங்கே 0.25 வோல்ட்டுக்குள்தான் இருக்க வேண்டும். 1 வோல்ட் வந்தால் பாயிண்ட் கருகியிருக்கிறது, அல்லது உள்ளே எர்த் சரியில்லை. பாயிண்டைக் கையால் திறந்தால் அதே இடத்தில் முழு 12 வோல்ட் வர வேண்டும். ஒன்றுமே வராவிட்டால், கண்டன்சரோ பாயிண்டுக்குப் போகும் வயரோ எர்த்தில் அடித்துக்கொண்டிருக்கலாம், அல்லது காயில் உள்ளே அறுந்திருக்கலாம். எதையும் கழற்றாமல் பாதி இக்னிஷனைப் பார்த்து முடிக்கும் சோதனை இது. ஆட்டோ எலக்ட்ரீஷியன்களே பலர் இதைச் செய்வதில்லை என்பது என் வருத்தம். பாயிண்ட் மூடிய நிலையில் சாவியை நெடுநேரம் ஆனில் விட்டுவிடாதீர்கள், காயில் சுட்டுவிடும்.

காயிலையே சோதிக்க வேண்டும் என்றால் இரண்டு சின்ன டெர்மினலுக்கும் நடுவே ஓம் பாருங்கள். சாதாரண 12 வோல்ட் காயில் 3 ஓம் சுற்றி இருக்கும். காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டரோடு ஓடுகிற வகை என்றால் 1.5 ஓம் சுற்றி. இந்த இரண்டையும் மாற்றிப் பூட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. பேலஸ்ட் இல்லாத வண்டியில் 1.5 ஓம் காயிலைப் போட்டால் கரண்ட் இரட்டிப்பாகி, அரை மணியில் கையே வைக்க முடியாதபடி சுடும், பாயிண்டும் கருகும். உங்களுக்குப் போட்ட புதுக் காயில் எந்த வகை என்று பார்ப்பதை இன்றைக்கே செய்துவிடுங்கள். அளப்பதற்கு முன் மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். அதிலேயே 0.3 காட்டினால் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். நடுத் துளைக்கும் சின்ன டெர்மினலுக்கும் நடுவே பல ஆயிரம் ஓம் வரும், பொதுவாக 6,000-லிருந்து 15,000-க்குள். சூடான காயிலில் ஓம் ஏறித்தான் இருக்கும். செம்புக் கம்பியின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் போல ஏறும். ஆறிய நிலையில் 3 ஓம் காட்டியது 80 டிகிரியில் 3.6 காட்டினால் அது கோளாறே இல்லை. 3 ஓம் திடீரென்று 30 ஆவதும், அறுந்ததாகக் காட்டுவதும்தான் கோளாறு.

இங்கே மீட்டரின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். காயிலின் உள்ளே பல ஆயிரம் வோல்ட் ஓடும்போது இன்சுலேஷன் ஓட்டை விடுகிறதா என்பதைச் சில வோல்ட் பேட்டரியில் ஓடும் மீட்டரால் சொல்ல முடியாது. ஓம் சரியாகக் காட்டிவிட்டுச் சூட்டில் உள்ளுக்குள்ளேயே பொறி அடிக்கும் காயில்கள் உண்டு. அதைக் கண்டுபிடிக்க வேறொரு வண்டியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த காயிலை மாட்டிப் பார்ப்பதுதான் வழி. புதிது வேண்டாம், ஓடி நிரூபித்ததாக இருக்கட்டும்.

கண்டன்சருக்கும் அதேதான். உங்கள் மீட்டரில் மைக்ரோஃபாரட் அளவு இருந்தால் வயரைக் கழற்றி அளங்கள், 0.2-லிருந்து 0.3-க்குள் வர வேண்டும். ஹேர் டிரையர் வைத்துச் சூடாக்கி மறுபடி அளந்தால், சூட்டில் மட்டும் செத்துப்போகிற சரக்கு சில சமயம் அங்கேயே பிடிபடும். பிடிபடாமலும் போகலாம். இருட்டில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து வைத்துச் செல்ஃப் அடித்தால், பாயிண்டில் லேசான பொறி தெரிவது இயல்பு. பளிச்சென்று கனமாக அடித்தால் கண்டன்சர் வேலை செய்யவில்லை. இப்போது கடையில் கிடைக்கும் புதுக் கண்டன்சர்கள் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. இது என் அனுபவம்தான், அளந்து நிரூபித்தது இல்லை. ஆனால் சென்னை புதுப்பேட்டைப் பழைய பாகச் சந்தையில் பழைய டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து கழற்றிய கண்டன்சர், டப்பா பிரித்த புதிதைவிட நாள்பட உழைத்ததைப் பார்த்திருக்கிறேன். 'புதுசு மாத்தியாச்சு, அதனால அது இல்லை' என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

உங்கள் வண்டியில் நான் முதலில் சந்தேகப்படும் இடம் இதெல்லாம் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் வெளியிலிருந்து பாயிண்டுக்கு வரும் ஒரு சின்ன வயர் தெரியும். வாக்குவம் அட்வான்ஸ் (இன்ஜின் உறிஞ்சலைக் கொண்டு பொறி வரும் நேரத்தை மாற்றும் அமைப்பு) இழுக்கும்போதெல்லாம் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு கொஞ்சம் திரும்பும். அதோடு சேர்ந்து அந்த வயரும் மடங்கி நிமிரும். பல வருடம் இப்படி மடங்கி, உறை முழுசாக இருக்கும்போதே உள்ளே இழைகள் அறுந்து போயிருக்கும். அந்தத் தட்டை எர்த்தோடு இணைக்கும் குட்டிப் பின்னல் வயருக்கும் இதே கதிதான். இந்த இரண்டும் ஒரு நாள் ஓடும், ஒரு நாள் நிற்கும். சூட்டில் உறை இளகினால் இன்னும் மோசம். டெஸ்ட் லாம்பை பேட்டரி பாசிட்டிவுக்கும் தட்டுக்கும் நடுவே மாட்டிவிட்டு, தட்டை விரலால் முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். பல்பு ஒரே சீராக எரிய வேண்டும், கண் சிமிட்டினால் பின்னல் வயர் போயிற்று. அந்தச் சின்ன வயரை முதலை கிளிப்பால் இரு முனையும் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தால், அறுந்த இடம் ரப்பர் மாதிரி நீளும். நல்ல வயர் நீளாது.

டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்த கையோடு, மூடிக்குள் சுற்றும் ரோட்டரையும் பார்த்துவிடுங்கள். காயிலின் நடு வயரை மூடியிலிருந்து உருவி, காப்பு உள்ள இடுக்கியால் பிடித்து, ரோட்டரின் பித்தளைத் தலைக்குக் கொஞ்சம் மேலே நிறுத்திப் பாயிண்டைத் திறந்து மூடச் சொல்லுங்கள். பொறி ரோட்டருக்குள் பாய்ந்தால் அது உள்ளே ஓட்டை விட்டுத் தண்டுக்கு எர்த் அடிக்கிறது, தூக்கிப் போடலாம். பாயாவிட்டால் நல்லது.

சாவி சுவிட்சைச் சோதிக்க ஒரு குறுக்கு வழி உண்டு. பேட்டரி பாசிட்டிவிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட தனி வயரை நேராக எஸ்.டபிள்யூ டெர்மினலுக்குக் கொடுத்து, சாவியிலிருந்து வரும் வயரைக் கழற்றி டேப் சுற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். வழக்கமாக நிற்கும் தூரத்தைத் தாண்டியும் ஓடினால், குற்றவாளி சாவி சுவிட்சோ அதன் வயரோதான். வண்டியை நிறுத்த இந்த வயரைக் கையால்தான் கழற்ற வேண்டும் என்பதால், சோதனை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். நிரந்தரமாக விட்டுவிட்டால் ஒரு நாள் மறந்து, மறுநாள் காயில் கருகியிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் டைனமோ மேல் சந்தேகம் இருந்தால், கழற்றாமலே பார்க்கலாம். அதன் டி, எஃப் டெர்மினல்களில் வரும் இரண்டு வயரையும் எடுத்துவிட்டு, இரண்டு டெர்மினலையும் ஒரு சிறு கம்பியால் சேர்த்து, அங்கிருந்து எர்த்துக்கு வோல்டேஜ் பாருங்கள். இன்ஜினை ஐடிலிலிருந்து மெல்ல ஏற்றினால் வோல்டேஜ் தடங்கலில்லாமல் வேகமாக ஏற வேண்டும். 20-ஐத் தொடுவதற்குள் ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள். 1 வோல்ட் அளவிலேயே நின்றால் ஃபீல்டு காயில் (டைனமோவுக்குள் சுற்றாமல் நிற்கும் சுருள்) பக்கம் கோளாறு. 4, 5 வோல்ட்டில் நின்றால் ஆர்மெச்சர் (சுற்றும் சுருள்). நன்றாக ஏறினால் டைனமோ குற்றமற்றது, கட்-அவுட் பெட்டியையும் (டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே உள்ள ரெகுலேட்டர் பெட்டி) வயரையும் பாருங்கள். ரீவைண்டிங் காசு மிச்சம். டைனமோ ஐடிலில் சார்ஜ் செய்யாது. அப்போது சிவப்பு விளக்கு மினுக்குவது பெரிய விஷயமில்லை.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி 'சார்ஜ் வருதா' என்று பார்க்கும் பழக்கம் நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் இன்னும் இருக்கிறது. யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள். ஆல்டர்னேட்டர் வண்டியில் அது டயோடையும் ரெகுலேட்டரையும் நொடியில் கொன்றுவிடும். டைனமோ வண்டியிலும் வோல்டேஜ் தறிகெட்டு ஏறிப் பல்புகள் போகும். அதனால் தெரியவருவதும் ஒன்றுமில்லை.

ஹெட்லைட்டுக்கும் முறை ஒன்றுதான். லைட் எரியும்போது பல்பின் பின்புறச் சாக்கெட்டிலேயே அளங்கள். பேட்டரியில் 12.6 இருக்க, பல்பில் 10.5 மட்டும் வந்தால், வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அந்த 2 வோல்ட் எங்கே போகிறது என்று பார்க்க, பேட்டரி பாசிட்டிவுக்கும் பல்பின் பாசிட்டிவுக்கும் நடுவே ஒரு முறை, பல்பின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே ஒரு முறை அளங்கள். எர்த் பக்கம் அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் ஹெட்லைட்டின் எர்த் வயரைப் பெயிண்டு சுரண்டிய இரும்பில் புதிதாகப் போல்ட் போடுங்கள், அன்றே வித்தியாசம் தெரியும். பாசிட்டிவ் பக்கம் என்றால், மொத்த ஹெட்லைட் கரண்டும் டேஷ் போர்டு சுவிட்சும் டிம்மர் சுவிட்சும் தாண்டி வருவதுதான் காரணம். ஹைக்கு ஒன்று, லோவுக்கு ஒன்று என இரண்டு ரிலே போட்டு, பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு நேர் வயர் கொடுக்கலாம். அதிக வாட் பல்பு மட்டும் போடாதீர்கள், அந்த வயர் தாங்காது.

நான் வண்டியைப் பார்க்கவில்லை, அதனால் டிஸ்ட்ரிபியூட்டர் வயர் என்பது சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. வண்டி நின்ற நிமிடத்தில் பொறி வந்ததா, எஸ்.டபிள்யூ டெர்மினலில் எவ்வளவு, பாயிண்ட் மூடியிருக்கையில் சி.பி. டெர்மினலில் எவ்வளவு, புதுக் காயில் எத்தனை ஓம் என்று எழுதுங்கள். அதற்கு மேல் இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.